பசியா, விழிப்பா? எலி மூளைக்குள் ஒரு மேப்

இன்னைக்கு ஒரு மேப்பைப் பத்திப் பேசப் போறோம். நாடும் கடலும் இல்லாத மேப். ஓர் எலியோட மூளைக்குள்ள ஒரே ஒரு வேதிப்பொருள் எங்கெங்க இருக்குன்னு புள்ளி புள்ளியா வரைஞ்ச மேப். 1998 டிசம்பரில் ஒரு நரம்பியல் ஆய்விதழில் வெளியானது. கேட்கும்போது வறட்சியான சமாச்சாரம் மாதிரிதான் தெரியும். ஆனா அது வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள, நூத்து இருபது வருஷமா காரணம் தெரியாம இருந்த ஒரு நோய்க்கு விடை கிடைச்சது. அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நோயிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1880ஆம் ஆண்டு, பிரான்ஸ். எதுவார் ஜெலினோ என்ற மருத்துவரிடம் 38 வயது ஆள் ஒருவர் வருகிறார். ஒயின் பீப்பாய் வியாபாரி. பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிடுவார். சாப்பிடும்போது தூங்கிடுவார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை வரைக்கும் அப்படி வந்திருக்கு. இன்னொரு விசித்திரமும் உண்டு: சிரிச்சா கால் துவண்டு போயிடும். ஜெலினோ இதுக்கு வெச்ச பேர் நார்கோலெப்ஸி.

அந்தச் சிரிப்பு விஷயத்தை நல்லா கவனிங்க. அதுக்குத் தனியா கேட்டப்ளெக்ஸின்னு பேர். சந்தோஷமோ சிரிப்போ வந்ததும் உடம்புத் தசையெல்லாம் தளர்ந்து, ஆள் அப்படியே சரிஞ்சிடுவார். ஆனா மயக்கம் கிடையாது. சுத்தி இருக்கறவங்க பேசறது எல்லாம் காதுல விழும். நல்ல ஜோக்குக்குப் பயந்து வாழற வாழ்க்கைன்னா யோசிச்சுப் பாருங்க.

இப்படி ஒருத்தரை ஊர் என்ன சொல்லும்? சோம்பேறி, குடிகாரன். நம்ம ஊரா இருந்தா கும்பகர்ணன். இதுல வேடிக்கை என்னன்னா, இந்த நோய் உள்ளவங்க இருபத்து நாலு மணி நேரத்துல மொத்தமா தூங்கற நேரம் நம்மளோடதை விட ரொம்ப அதிகம் இல்லை. பகல்ல தூக்கம் இவங்களை வந்து தூக்கிட்டுப் போகும். ராத்திரி அதே தூக்கம் துண்டு துண்டா உடையும். கும்பகர்ணன் குறைந்தபட்சம் நிம்மதியா தூங்கினான். மருத்துவர்களிலும் பலர் ரொம்ப காலம் இதை மனசு சம்பந்தப்பட்ட கோளாறுன்னே நினைச்சாங்க.

அடுத்து வியன்னா. முதல் உலகப் போர் நடக்கும்போதே ஒரு தொற்று பரவுது. ஆட்கள் நாள்கணக்கா, வாரக்கணக்கா தூங்கறாங்க. சிலருக்கு நேர்மாறா தூக்கமே வரல. 1917இல் இதைப் பத்தி எழுதினவர் கான்ஸ்டன்டின் வான் எகோனமோ. நரம்பியல் மருத்துவர், விமானமும் ஓட்டுவார். இறந்தவர்களின் மூளைகளை அறுத்துப் பார்த்த அவருக்கு ஒரு ஒழுங்கு தெரிந்தது. தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பின்பக்கம் சிதைந்திருந்தது. தூக்கம் வராதவர்களுக்கு முன்பக்கம். ஹைப்போதலாமஸ் என்பது மூளையின் அடியில், ஒரு பாதாம் பருப்பு அளவு இருக்கிற பகுதி. அந்தப் பின்பக்கத்தில்தான் நம்மை முழிச்சிருக்க வைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது, நார்கோலெப்ஸியின் இருப்பிடமும் அங்கேதான் இருக்கணும் என்று அவர் எழுதினார். அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைத் தேட அன்றைக்குக் கருவி இல்லை. 1931இல் அவர் இறந்தார். அந்தக் கருத்தும் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

அப்புறம் 1951. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் இந்தியர் வேலை பார்க்கிறார். பல் கிருஷ்ண ஆனந்த். பின்னாளில் தில்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர். அவரும் ஜான் புரோபெக்கும் எலிகளின் ஹைப்போதலாமஸில் பக்கவாட்டுப் பகுதியைச் சின்னதாகச் சிதைத்தார்கள். அந்த எலிகள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டன, முன்னால் சாப்பாடு இருந்தும். அதிலிருந்து பாடப்புத்தகங்களில் அந்த இடத்துக்கு ‘பசி மையம்’ என்று பேர் வந்துவிட்டது.

இப்ப நிலைமையைப் பாருங்க. வான் எகோனமோ சொன்ன இடமும் ஆனந்த் சொன்ன இடமும் கிட்டத்தட்ட ஒரே அக்கம்பக்கம். ஒரே மனைக்கு ரெண்டு பட்டா. ஒண்ணுல விழிப்புன்னு எழுதியிருக்கு, இன்னொண்ணுல பசின்னு எழுதியிருக்கு. பாடப்புத்தகத்தில் ஏறினது ரெண்டாவது பட்டா. இந்தக் கதையோட சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கு.

தொண்ணூறுகளுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கிரெகர் சட்கிளிஃபின் குழு எலியின் ஹைப்போதலாமஸை எடுத்து, அங்கே மட்டும் வேலை செய்கிற ஜீன்கள் எவை என்று தேடியது. வழி எளிமையானது: மூளையின் மற்ற சில பகுதிகளிலும் இருக்கிறதை எல்லாம் கழிச்சுடு, மிச்சம் என்ன இருக்குன்னு பார். 1996இல் ஒரு பட்டியல் வெளியானது. அதில் 35ஆம் எண் கொஞ்சம் விநோதமாக இருந்தது. மூளை முழுக்கத் தேடினாலும் ஹைப்போதலாமஸின் பின்பகுதியில், இடதும் வலதுமாக ரெண்டு சின்னத் திட்டுகளில் மட்டும் அது தெரிந்தது. வேறெங்கும் இல்லை. லூயிஸ் டி லெசியா முதல் ஆசிரியராக இருந்த 1998 ஜனவரி கட்டுரை, இந்த ஜீன் ரெண்டு நியூரோபெப்டைடுகளை உண்டாக்குகிறது என்று சொன்னது. நியூரோபெப்டைடுன்னா, நியூரான்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லப் பயன்படுத்தற சின்னப் புரதத் துண்டு. செக்ரெடின் என்ற ஹார்மோனின் சாயல் இருந்ததாலும், ஹைப்போதலாமஸில் கிடைத்ததாலும் ‘ஹைப்போகிரெடின்’ என்று பேர் வைத்தார்கள். அது என்ன வேலை செய்யுதுன்னு பேரில் எதுவும் சொல்லல. எனக்கு இந்த அடக்கம் பிடிச்சிருக்கு.

அடுத்த மாதமே, பிப்ரவரியில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸிலிருந்து இன்னொரு கட்டுரை. மசாஷி யானகிசாவாவின் ஆய்வகம், முதல் ஆசிரியர் தகேஷி சகுராய். இவங்க எதிர்த்திசையிலிருந்து வந்தாங்க. செல்லின் மேல் ரிசப்டார் இருக்கு, ஆனா அதில் வந்து பொருந்தும் பொருள் எதுன்னு தெரியாது. பூட்டு இருக்கு, சாவி இல்லை. அந்த மாதிரி அனாதை ரிசப்டார்களுக்குச் சாவி தேடியபோது, எலி மூளைச் சாற்றிலிருந்து அதே ரெண்டு பெப்டைடுகள் கிடைத்தன. எங்கே உற்பத்தி ஆகுதுன்னு பார்த்தாங்க: பக்கவாட்டு ஹைப்போதலாமஸ். அது பசி மையமாச்சே! எலியின் மூளைக்குள் செலுத்தினாங்க: எலி கூடுதலா சாப்பிட்டது. பட்டினி போட்டாங்க: அந்த ஜீன் இன்னும் மும்முரமா வேலை செஞ்சது. போதாதா? கிரேக்கத்தில் பசியைக் குறிக்கும் ‘ஓரெக்ஸிஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘ஓரெக்சின்’ என்று பேர் வைத்தார்கள். உடல் பருமனுக்கு மருந்து கிடைக்கும்னு எதிர்பார்ப்பு எகிறியது.

ஒரே பொருள், ஒரு மாச இடைவெளியில ரெண்டு பேர். பட்டாச் சண்டை மறுபடி ஆரம்பம்.

இங்கேதான் மேப் வருது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த கிறிஸ்டெல் பெய்ரோன், தூக்கத்தை ஆராயும் டாம் கில்டஃப், யேலின் அந்தோனி வான் டென் போல், ஸ்கிரிப்ஸ் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வேற மாதிரி ஒரு கேள்வி கேட்டாங்க. இது என்ன செய்யுதுங்கறதை அப்புறம் பார்க்கலாம். இது எங்கெல்லாம் போகுது?

இதை எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு ஒரு நிமிஷம் சொல்றேன், ஏன்னா எனக்கு இந்த எபிசோட்ல பிடிச்ச பகுதியே இதுதான். மாதவரம் பால் பண்ணையை நினைச்சுக்கோங்க. பால் பாக்கெட்ல அடைபடறது ஓர் இடத்தில். விடியறதுக்கு முன்னாடி வண்டி ஏறி தெருத்தெருவா போகும். வீட்டு வாசல்ல பை தொங்கினா அதுக்குள்ள பாக்கெட் விழும். இப்ப, பால் எங்க இருக்குன்னு ஒருத்தர் மேப் போடணும்னா மூணு வித மேப் போடலாம். பண்ணை எங்க? வண்டி போற தெரு எது? பை தொங்கற வாசல் எது?

மூளையிலும் அப்படித்தான். பண்ணையைக் கண்டுபிடிக்க ஆர்.என்.ஏவைத் தேடணும். ஜீன் வேலை செய்யற செல்லுக்குள்ளதான் அதோட ஆர்.என்.ஏ படி இருக்கும். அதோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஓர் இழையைத் தயாரித்து, அடையாளக்குறி ஏற்றி, மூளைச் சீவல் மேல் விட்டால், எந்தச் செல் இந்தப் பெப்டைடைச் செய்யுதுன்னு தெரிஞ்சிடும். வண்டி போற தெருவுக்கு ஆன்டிபாடி. பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி அதற்குச் சாயம் ஏற்றினால், செல்லிலிருந்து கிளம்பி நீளமாப் போற நரம்பு இழைகள் எல்லாம் நிறம் பிடிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நூலில் கோத்த மணி மாதிரி பழுப்புப் புள்ளிகள். மூணாவது, ரிசப்டாரோட மேப். அதுக்கு அப்புறம் வரேன்.

வேலை இருக்கே, அது மகா பொறுமை வேலை. மூளையைக் கெட்டியாக்கி, ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவணும். அப்பளத்தை விடப் பல மடங்கு மெல்லிசு. ஒவ்வொரு சீவலையும் ஓவியம் வரையற பிரஷ்ஷால் தூக்கிக் கழுவி, கண்ணாடியில் விரிச்சு, எது எந்த இடம்னு அட்லஸோட ஒப்பிட்டுக் குறிக்கணும். ஆமா, எலி மூளைக்குத் தனி அட்லஸ் இருக்கு. ஜார்ஜ் பாக்ஸினோஸும் சார்லஸ் வாட்சனும் 1982இல் போட்டது. எலி மூளையைத் தொடும் ஆய்வகத்தில் அது இல்லாமல் இருக்காது.

சரி, மேப்பில் என்ன தெரிஞ்சது? பண்ணை ஒண்ணே ஒண்ணுதான்: பக்கவாட்டு ஹைப்போதலாமஸும் அதை ஒட்டின இடமும். எலிக்கு சில ஆயிரம் செல்கள், அவ்வளவே. ஆனா வண்டி போகாத தெரு ரொம்பக் குறைவு. அந்தச் சில ஆயிரம் செல்களிலிருந்து கிளம்பின இழைகள் மூளையின் முன்னாலிருந்து மூளைத்தண்டு வரை போயிருந்தன. தண்டுவடத்துக்கும் போவது விரைவில் தெரியவந்தது. எல்லாத்தையும் விட அடர்த்தியா நிறம் பிடிச்சது எந்த இடம்? சாப்பாடு சம்பந்தப்பட்ட இடம் எதுவும் இல்லை. மூளைத்தண்டில் இருக்கும் லோகஸ் சிருலியஸ். லத்தீனில் ‘நீல இடம்’ என்று அர்த்தம். நாம முழிச்சிருக்கும்போது நாரட்ரினலின் அனுப்பிக்கொண்டிருக்கிற, கனவுத் தூக்கத்தில் வாயை மூடிக்கொள்கிற செல்கள் இருக்கும் இடம். அதோட செரடோனின் செல்கள், ஹிஸ்டமின் செல்கள் இருக்கற இடங்களுக்கும் இழைகள் நிறையப் போயிருந்தன. சளிக்கு அவில் மாதிரி பழைய மாத்திரை போட்டா தூக்கம் சொக்குது இல்லையா? அது மூளையில் இந்த ஹிஸ்டமினைத் தடுக்கறதால வர்றதுதான். ஆக, நம்மை முழிப்பா வைக்கிற ஆட்கள் யார் யாரோ, அத்தனை பேர் வாசல்லயும் இந்த வண்டி நிக்குது.

கட்டுரை ஆசிரியர்கள் இதை வெச்சு ஆர்ப்பாட்டம் பண்ணல. பசியோட கூட ரத்த அழுத்தம், ஹார்மோன்கள், உடல் வெப்பம், தூக்கம்-விழிப்பு ஆகியவற்றிலும் இதுக்குப் பங்கு இருக்கலாம்னு ஒரு வரிசையில கடைசியா சொல்லி நிறுத்திட்டாங்க. மேப் போட்டவங்க வேலை அதுதான். தெரு எதுன்னு காட்டலாம். வண்டி போய் அங்க என்ன மாத்துதுன்னு மேப் சொல்லாது. இங்க நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்பறேன்: ஊசி போட்டு எலி சாப்பிடுதான்னு பார்த்தா, சாப்பிடறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எலி இரவுப் பிராணி, பகல்ல தூங்கணும். தூங்க வேண்டிய நேரத்தில் முழிக்க வைச்சா, முழிச்ச எலி சும்மாவா இருக்கும்? கொறிக்கும். சாயம் ஏத்தின சீவலுக்கு அப்படி எந்த எதிர்பார்ப்பும் கிடையாது. போன இடமெல்லாம் நிறம் காட்டிடும்.

அடுத்த வருஷம் வேற ரெண்டு பக்கத்திலிருந்து விடை வந்தது. ஸ்டான்ஃபோர்டில் எழுபதுகளிலிருந்தே வில்லியம் டிமென்ட் நார்கோலெப்ஸி உள்ள நாய்களை வளர்த்து வந்தார். டாபர்மேன், லாப்ரடார். தலைமுறை தலைமுறையாக நோய் கடத்தப்படும் குடும்பங்கள். இந்த நாய்களுக்கு ஒரு சோதனை உண்டு: பிடித்த தீனியைத் துண்டு துண்டாகத் தரையில் வரிசையாக வைப்பார்கள். நாய் குதூகலமாக ஓடி வரும், முதல் துண்டை வாயில் வைக்கும், பின்னங்கால் மடங்கும், அப்படியே சரியும். மனுஷனுக்குச் சிரிப்பு எப்படியோ, நாய்க்குச் சோறு அப்படி. இமானுவேல் மிக்னோவின் குழு பத்து வருஷம் இந்த நாய்களின் குரோமோசோமைத் துருவி, 1999 ஆகஸ்டில் பழுதான ஜீனைக் கண்டுபிடித்தது. அது ஹைப்போகிரெடினுக்கான ரெண்டாவது ரிசப்டாரின் ஜீன்.

அதே மாதம், ரெண்டு வாரம் கழித்து, யானகிசாவாவின் ஆய்வகம். ஓரெக்சின் ஜீனை நீக்கிய சுண்டெலிகளை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். பசியில்லாம மெலிஞ்சு போகும்னு எதிர்பார்க்கலாம் இல்லையா? பகலில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரவில் இன்ஃப்ராரெட் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த சுண்டெலி திடீரென்று சாய்ந்தது, கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி ஓடியது. முதலில் வலிப்பு என்று சந்தேகம். மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது வலிப்பில்லை, நார்கோலெப்ஸி. பசின்னு பேர் வெச்ச ஆய்வகமே அது விழிப்புன்னு காட்டியது. அந்த நேர்மையை நான் மதிக்கறேன்.

இப்ப அந்த மூணாவது மேப். ரெண்டு ரிசப்டார்களும் ஒரே இடத்தில் இல்லை. முதல் வகை லோகஸ் சிருலியஸில் அதிகம். ரெண்டாவது வகை ஹிஸ்டமின் செல்களில் அதிகம். 2001இல் வெளியான எலி மேப் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நாய்களில் கெட்டுப்போனது ரெண்டாவது. எந்த வாசலில் பை கிழிஞ்சா வீடு தூங்கிப்போகும்னு யோசிக்க அது ஒரு பிடி கொடுத்தது.

ஆனா நாயும் சுண்டெலியும் இருக்கட்டும், மனுஷனுக்கு என்ன? 2000 ஜனவரியில் செய்ஜி நிஷினோவும் மிக்னோவும் மற்றவர்களும் நார்கோலெப்ஸி உள்ள ஒன்பது பேரின் தண்டுவட நீரைப் பரிசோதித்தார்கள். ஏழு பேருக்கு ஹைப்போகிரெடின் கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட இல்லை. செப்டம்பரில் ரெண்டு குழுக்கள் இறந்தவர்கள் தானமாக விட்டுச்சென்ற மூளைகளைப் பார்த்தன. ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? கிறிஸ்டெல் பெய்ரோன். எலியில் மேப் போட்ட அதே கை, அதே வகைச் சாய முறை, இந்தத் தடவை மனித மூளை. நோயில்லாதவர்களின் சீவலில் செல்கள் தெரிந்தன. நோயாளிகளின் சீவலில் அந்த இடம் காலி. இன்னொரு குழு, ஜெரோம் சீகலின் ஆய்வகத்தில் தாமஸ் தன்னிக்கல், செல்களை எண்ணிப் பார்த்து 85 முதல் 95 சதவீதம் குறைவு என்றார். மனுஷ மூளையில் இந்த வகைச் செல் மொத்தமே சுமார் எழுபதாயிரம்தான்.

அதை விட முக்கியம், பக்கத்துச் செல்களுக்கு ஒண்ணும் ஆகலை. அதே இடத்தில் கலந்து கிடக்கும் எம்.சி.எச் என்ற வேறொரு பெப்டைடின் செல்கள் அப்படியே இருந்தன. இது வெறும் சிதைவா இருந்தா ரெண்டும் சேர்ந்து போயிருக்கணும். யாரோ முகவரி பார்த்து வந்து ஒரு வீட்டை மட்டும் காலி பண்ணின மாதிரி. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தச் செல்களை அழிக்கிறது என்பதற்குத்தான் இன்று ஆதாரம் வலுவாக இருக்கு. 2009-10 பன்றிக்காய்ச்சல் சமயத்தில் ஐரோப்பாவில் போடப்பட்ட பேன்டெம்ரிக்ஸ் என்ற ஒரு குறிப்பிட்ட தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்து, ஸ்வீடன் குழந்தைகளிடம் நார்கோலெப்ஸி அதிகரித்ததும் அந்தத் திசையைத்தான் காட்டியது. மத்த தடுப்பூசிகளோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, அந்த ஒரு தயாரிப்பு மட்டும்தான்.

இதோட அர்த்தம் ஒரு நோயாளிக்கு என்னன்னு பாருங்க. மீட்டிங்ல தூங்கிட்டான், வேலையை விட்டுத் தூக்குன்னு கேட்ட ஒருத்தருக்கு, உன் மனசுல கோளாறு இல்லை, சோம்பேறித்தனம் இல்லை, உன் மூளையில் இந்த இடத்தில் இந்தச் செல்கள் இல்லைன்னு விரல் வைத்துக் காட்ட முடிஞ்சது. வான் எகோனமோ கைகாட்டின அதே அக்கம்பக்கம்.

ஆனந்தோட பட்டாவும் முழுப் பொய் இல்லை. 2003இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வில், பட்டினி கிடக்கும் சாதாரண சுண்டெலி தூங்காமல் இரை தேடி அலைகிறது. இந்த நியூரான்கள் அழிக்கப்பட்ட சுண்டெலி பட்டினியிலும் அப்படி விழித்து அலைவதில்லை. பசிச்சா தூக்கம் வராதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்களே, அந்தக் கம்பி இங்க வழியா ஓடுது. பேர்ச்சண்டையும் தீரல: ஜீனுக்கு இன்னைக்கும் ஹைப்போகிரெடின்னு பேர், மருந்துக்காரங்க ஓரெக்சின்னு சொல்வாங்க.

2022இல் மிக்னோவுக்கும் யானகிசாவாவுக்கும் பிரேக்த்ரூ பரிசு அறிவிக்கப்பட்டது. தகுதியானவங்க, சந்தேகமே இல்லை. மேப் போட்டவங்க பேர் மேடையில இல்லைங்கறது எனக்கு ஒரு சின்ன உறுத்தல், அவ்வளவுதான்.

மருந்துக் கதை ரெண்டு பக்கமா போச்சு. தூக்கம் வராதவங்களுக்கு இந்த ரிசப்டார்களை அடைக்கிற மாத்திரை: சுவோரெக்சன்ட், 2014இல் அமெரிக்காவில் அனுமதி. பழைய தூக்க மாத்திரைகள் மூளையைப் பொதுவா மந்தமாக்கும்; இது விழிப்பு வண்டியை மட்டும் வாசலில் நிறுத்தி வைக்கும். நார்கோலெப்ஸிக்கு வேண்டியது நேரெதிர். அங்க பண்ணையே மூடிப்போச்சு, செல்கள் திரும்பி வராது. ஆனா வீட்டு வாசல்ல பை இன்னும் தொங்குது. ரிசப்டார்கள் அப்படியே இருக்கு. அதனால ஓரெக்சின் மாதிரியே போய் ரெண்டாவது ரிசப்டாரில் உட்காரும் மாத்திரைகளை இப்போது நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். வெளியான முடிவுகளில், பகலில் முழிச்சிருக்கும் நேரம் கூடியிருக்கு, சிரிக்கும்போது சரியறதும் குறைஞ்சிருக்கு.